விற்பதா, வைத்திருப்பதா? மலையேறும் ஒரு சைக்கிளின் கணக்கு

2026 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிக்கோயாவில் எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நுவரெலியாவில் சிறிய விடுதி நடத்துபவர். வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதற்காக மின்சார மலைச் சைக்கிள் தேடுவதாகச் சொன்னார். டயரை அழுத்திப் பார்த்தார். கைபிடியில் பாரத்தைப் போட்டு முன் சஸ்பென்ஷனை இரண்டு தடவை அமுக்கினார். பிறகு, "125,000 ரூபா தாறேன், இன்னைக்கே எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றார். காசு அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. அவரை அழைத்து வந்தவன் என் தம்பி.

தம்பிக்கு வெளிநாட்டு வேலை சரிவந்திருந்தது. விமானச் சீட்டு, வைத்தியப் பரிசோதனை, இதர செலவுகள் என்று இன்னும் ஒன்றேகால் லட்சம் குறைந்தது. வீட்டில் விற்கக்கூடியதாக இருந்தது இந்தச் சைக்கிள் மட்டும்தான் என்று அவன் நினைத்தான். அவனுடைய மோட்டார் சைக்கிளும் அதே வாசலில்தான் நின்றது. அது எங்கள் இருவர் கண்ணுக்கும் அப்போது படவில்லை என்பதை இன்று எழுதும்போது கொஞ்சம் வெட்கத்துடன்தான் ஒப்புக்கொள்கிறேன். சமூகவியல் படித்தவள் நான்.

வந்தவரிடம் இரண்டு மாதம் தவணை கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதுக்குள்ள விலை எறங்கிரும் மிஸ்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை.

இந்தச் சைக்கிள் என் கைக்கு வந்த காலத்தைச் சகோதரிகள் மறந்திருக்க மாட்டீர்கள். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. தோட்டத்தில் ஒரு நாட்சம்பளம் அப்போது ஆயிரம் ரூபா. நாள் முழுக்கக் கொழுந்து பறித்தால் இரண்டு லீற்றர் பெற்றோல். அதையும் காசு கொடுத்து வாங்க முடியவில்லை. நாட்கணக்கில் வரிசை. ஓகஸ்டில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றார்கள். பஸ்கள் பாதிக்கு மேல் ஓடவில்லை. எனது வேலையோ நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில். பிரதான பாதையில் இறங்கி மேற்பிரிவு லயங்களுக்குப் போக நாலு, ஐந்து கிலோமீற்றர் ஏற வேண்டும்.

அந்த நேரத்தில் நாடு திரும்பவிருந்த ஒரு வெளிநாட்டுத் தொண்டர், தான் ஓட்டிய மின்சார மலைச் சைக்கிளை விற்க முன்வந்தார். 240,000 ரூபா. சீட்டுக் காசும் அம்மாவின் வளையலை அடகு வைத்த காசும் சேர்த்து வாங்கினேன். அகலமான முள் டயர், டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார், சட்டத்தில் 36 வோல்ட் பெட்டரி. பாரம் 22 கிலோ. ஸ்கூட்டியைக் கானுக்கு மேலால் தூக்கிவைக்க முடியாது, இதைத் தூக்கலாம். கல்லும் குழியுமான தோட்டத்துப் பாதையில் ஸ்கூட்டி சறுக்கும் இடங்களில் இது சறுக்குவதில்லை. மோட்டார் இருந்தாலும் மிதிக்கத்தான் வேண்டும். ஆனால் ஏற்றத்தில் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவது போல இருக்கும்.

மலையகத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டுவது அபூர்வம். ஏற்ற இறக்கம் ஒரு காரணம், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு" என்பது இன்னொரு காரணம். நானே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போன பிறகுதான், அங்கே அம்மாமார் கூடச் சைக்கிளில் சந்தைக்குப் போவதைப் பார்த்து, விழுந்து எழும்பிக் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் லயத்துப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். பிறகு பழகிவிட்டது.

இனிக் கதைக்கு வருவோம். இரண்டு மாதத் தவணை கேட்டேன் அல்லவா? அந்த இரண்டு மாதமும் ஒரு கொப்பியில் கணக்கு எழுதினேன். எமது குழுக் கூட்டங்களில் வரவு செலவு எழுதுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே, என்னுடைய சொந்தப் பொருளுக்கு மூன்றரை வருடமாக ஒரு வரி எழுதாமல் இருந்திருக்கிறேன்.

கொப்பியில் முதலில் எழுதியது வாங்கிய விலை. எழுதிவிட்டு அதை வெட்டிவிட்டேன். 240,000 கொடுத்து வாங்கியதை 125,000க்கு விற்பதா என்று மனம் கேட்கும். ஆனால் கொடுத்த காசு போன காசு. விற்றாலும் விற்காவிட்டாலும் அது திரும்பி வரப்போவதில்லை. இன்று இதற்கு என்ன விலை, இன்று இது எனக்கு என்ன வேலை செய்கிறது என்பவை மட்டுமே மிஞ்சும் கேள்விகள். எங்கள் குழுவில் பல பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். "அவ்வளவு குடுத்து வாங்கினேனே" என்று மூலையில் வைத்திருப்பார்கள். வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் விலை இறங்கும்.

எட்டு வாரத்தில் 31 நாட்கள் ஓட்டியிருந்தேன், மொத்தம் 514 கிலோமீற்றர். சைக்கிள் இல்லாவிட்டால் அந்த 31 நாளும் பஸ்ஸுக்கு நாளுக்கு நூறு ரூபா வீதம் 3,100 ரூபா. அவற்றில் 19 நாட்கள் மேற்பிரிவுக்குப் போன நாட்கள். ஏறுவதற்கு ஓட்டோவுக்கு 700 ரூபா வீதம் 13,300 ரூபா, இறங்கும்போது நடை. ஆக 16,400 ரூபா. மறுபக்கம் சைக்கிளுக்கான செலவு: மின்சாரம் சுமார் 10 யூனிட், உயர்ந்த படியில் கணக்கிட்டாலும் 800 ரூபாவைத் தாண்டாது. ஒரு சோடி பிரேக் கட்டை 1,800, ஒரு டியூப் 1,100. எட்டு வாரத்தில் மிச்சம் 12,700 ரூபா. வருடத்துக்குப் பெருக்கினால் 80,000க்குக் கொஞ்சம் கூட. எனக்குக் கிடைக்கும் பயணப்படி மாதாமாதம் ஒரே தொகை என்பதால் இந்த மிச்சம் என் கையில்தான் நிற்கும்.

நடந்திருந்தால் போகும் நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பெண்களின் நேரத்துக்கு எங்கள் வீடுகளில் விலை போடும் பழக்கம் கிடையாது, நானும் போடவில்லை. போட்டிருக்க வேண்டும்.

கணக்கு இத்துடன் முடிந்திருந்தால் இலகு. சிக்கல் பெட்டரியில் இருந்தது.

வாங்கிய புதிதில் ஒரு முழு சார்ஜில் எங்கள் ஏற்ற இறக்கத்தில் 35 கிலோமீற்றர் போனது. இப்போது 22. ஹட்டன் நகரில் மடிக்கணினி திருத்தும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் மல்டி மீட்டரை வைத்துப் பார்க்கக் கற்றுத்தந்தார். 36 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் இவ்வகை லிதியம் பெட்டரி முழுதாக ஏறியதும் 42 வோல்ட் காட்ட வேண்டும். இராத்திரி முழுக்கச் சும்மா வைத்துவிட்டுக் காலையில் மறுபடி அளக்கும்போது கணிசமாக இறங்கியிருந்தால் உள்ளே ஏதோ ஒரு கலம் பலவீனம். என்னுடையது அந்தச் சோதனையில் தேறியது. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் திரையிலுள்ள கோடுகள் சட்டென்று ஒன்றுக்கு இறங்கும், சமதரைக்கு வந்ததும் மூன்றுக்கு ஏறும். "கிழடு தட்டிருச்சு மிஸ். சாகல, ஆனா மூச்சு வாங்குது" என்றார்.

லிதியம் பெட்டரியைப் பற்றி அவர் சொன்னதும் நான் பிறகு வாசித்து அறிந்ததும் பெண்கள் தெரிந்திருக்க வேண்டியவை. முழுதாக ஏற்றி முழுதாக இறக்குவதை ஒரு சுற்று என்பார்கள். நல்ல பெட்டரி ஐந்நூறு தொடக்கம் ஆயிரம் சுற்று வரை தாங்கும். ஆனால் ஓட்டாமல் வைத்தாலும் அதற்கு வயது போகும். முழுதாக ஏற்றி வைத்தால் வேகமாகவும், வெப்பமான இடத்தில் வைத்தால் இன்னும் வேகமாகவும் போகும். அடியோடு இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் திரும்ப ஏறாமலே போகலாம். சில நாட்களுக்கு ஓட்டுவதில்லை என்றால் பாதி அளவு ஏற்றி, நிழலில், உலர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. லயத்துக் காம்பராவில் அடுப்புப் பக்கமும் தகரக் கூரைக்குக் கீழேயுள்ள பரணும் இதற்கு ஆகாத இடங்கள். படுக்கும் அறையில், எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடவே கூடாது. வீங்கிய பெட்டரி, தண்ணீர் புகுந்த பெட்டரி, கீழே விழுந்து நசுங்கிய பெட்டரி ஆகியவற்றை "இன்னும் ஓடுதுதானே" என்று சார்ஜ் போடுவது தீயோடு விளையாடுவதுதான். லயத்தில் ஒரு காம்பராவில் பற்றினால் வரிசை முழுக்கப் போகும்.

என் பெட்டரியின் கலங்களை மாற்றித் திரும்பக் கட்ட 78,000 ரூபா கேட்டார். என்னுடையது சாதாரண அமைப்பு என்பதால் அது முடியும். சில உயர்ரக வண்டிகளில் பெட்டரிக்குள் இருக்கும் மின்னணுத் தகடு, கலத்தை மாற்றினால் வேலை செய்ய மறுத்துவிடுமாம். அப்படிப்பட்ட வண்டிக்குக் கம்பனி பெட்டரியே வேண்டும், அது இலங்கையில் கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. ஆகவே இவ்வகைச் சைக்கிள் வைத்திருப்போர் விற்பதா வேண்டாமா என்று யோசிக்க முன்னர், இதன் பெட்டரியை இங்கே யாராவது திருத்துவார்களா என்று விசாரிக்க வேண்டும். "இல்லை" என்பது பதிலானால், அது நல்லபடி ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்றுவிடுவதுதான் புத்தி.

விடுதிக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, புதுக் கலம் போட்டுத் தந்தால் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். 25,000 கூட்டித் தருவதாகச் சொன்னார். 78,000 போட்டு 25,000 எடுப்பது எந்த ஊர் வியாபாரம்? ஆக, விற்பதானால் இருந்தபடியே விற்க வேண்டும். பெட்டரியைப் புதுப்பிப்பதானால் நானே ஓட்ட வேண்டும். ஒருவருடத்தில் அந்தக் காசு திரும்பிவிடும் என்று என் கொப்பி சொன்னது. மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. ஒன்றும் செய்யாமல் இப்படியே ஓட்டி, பெட்டரி செத்த பிறகு வெறும் சட்டத்தை விற்பது. நம்மில் அதிகம் பேர் போவது அந்த வழியில்தான்.

எமது குழுவைச் சேர்ந்த மூவரின் கதையை அவர்களின் சம்மதத்துடன் இங்கு தருகிறேன். பெயர்கள் வேண்டாம்.

ஒருவர் தையல் செய்பவர். 2022இல் மின்சார ஸ்கூட்டர் வாங்கினார், ஈயப் பெட்டரி பூட்டியது. 2023 செப்டெம்பரில் கியூ.ஆர். முறை நீக்கப்பட்டுப் பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும், கணவரின் மோட்டார் சைக்கிளிலேயே போய்வந்தார். ஸ்கூட்டர் எட்டு மாதம் சார்ஜ் இல்லாமல் நின்றது. ஈயப் பெட்டரியை இறங்கிய நிலையில் விட்டால் உள்ளே தகடுகளில் உப்புப் போலப் படிந்து இறுகிவிடும். கடைசியில் பழைய பெட்டரி வாங்குபவரிடம் நிறைக்குக் கொடுத்தார்கள்.

இன்னொருவர் முன்பள்ளி ஆசிரியை. முழங்கால் வலி வந்ததும், வைத்தியர் சொன்ன அதே மாதம் தன் மின்சார சைக்கிளை விற்றுவிட்டார். நல்ல விலை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதிலிருந்து ஓடக்கூடிய எதற்கும் கிராக்கி இருந்த நேரம் அது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்ட பிறகு அதே விலை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

மூன்றாமவரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். கொழுந்து பறிப்பவர். காலை நாலு மணிக்கு எழும்பி ரொட்டியும் சம்பலும் செய்து, மின்சார சைக்கிளில் கொண்டுபோய் டவுனில் இரண்டு கடைகளுக்குப் போட்டுவிட்டுப் பெரட்டுக்கு வந்துவிடுவார். சீட்டுப் பிடித்து, பதினாலு மாதம் கட்டி வாங்கிய சைக்கிள். ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வந்தபோது வாசல் வெறுமையாக இருந்தது. கணவர் விற்றுவிட்டார், தன் மோட்டார் சைக்கிளின் முன்பணத்துக்காக. அந்த மோட்டார் சைக்கிளில் ரொட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு வாரம் கொடுத்தார். அத்துடன் நின்றுவிட்டது, ரொட்டி வியாபாரமும் நின்றுவிட்டது.

நான் போனபோது அவர் அழவில்லை. "வித்தது கூடப் பரவாயில்ல மிஸ். ஒரு வார்த்த கேக்கலையே. நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, "பில்லு அவரு பேர்லதான் இருந்துச்சு. கடைக்காரரு கேட்டப்ப நான்தான் அவரு பேரச் சொன்னேன்" என்றார்.

காசு கொடுத்தவர் இவர், ஓட்டியவர் இவர், பெயர் மட்டும் கணவருடையது. கடையில் பெயர் கேட்டால் வீட்டுத் தலைவரின் பெயரைச் சொல்வது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எமது குழுவில் சீட்டு எடுத்து எது வாங்கினாலும், குக்கரானாலும் கோழிக்கூடானாலும், பில்லை வாங்கும் பெண்ணின் பெயரிலேயே போடச் சொல்கிறோம். ஒரு கடைக்காரர் கேலி செய்தார், பரவாயில்லை.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அம்மா அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டார். "எங்கம்மாவோட தோடு போச்சு, மாமா கல்யாணத்துக்கு. என்னோட தோடு போச்சு, ஒங்கப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்கு. திருப்பித் தாரேன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க மகள்" என்றார். சைக்கிளை விற்காதே என்று அவர் சொல்லவில்லை. தம்பியும் அவர் பிள்ளைதானே.

இந்தச் சைக்கிள் எல்லாக் கஷ்டத்துக்கும் கைகொடுக்கும் என்று நான் சொல்லவரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து மலையகம் எங்கும் மண் சரிந்தபோது எங்கள் பக்கம் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. பெற்றோல் இல்லாத காலத்துக்கென்று வாங்கிய வண்டியை மின்சாரம் இல்லாத வாரத்தில் தள்ளிக்கொண்டு போனேன். மோட்டார் ஓடாவிட்டால் 22 கிலோ இரும்பை ஏற்றத்தில் தள்ளுவது என்னவென்று அன்று தெரிந்தது. சரிந்த மண்ணுக்கு மேலால் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போக முடிந்தது என்பது மட்டும் உண்மை. மோட்டார் சைக்கிள்கள் இந்தப் பக்கமே நின்றன. அந்த வாரம் சைக்கிளின் பின்தட்டில் போனவை பால்மாப் பக்கட்டுகளும் ஒரு தாயின் நீரிழிவு மருந்தும்.

மார்ச் முதல் வாரம் தம்பியை உட்காரவைத்துக் கொப்பியைக் காட்டினேன். அவன் கணக்கில் கெட்டிக்காரன், உடனே புரிந்துகொண்டான். புரிந்ததால் கோபம் குறையவில்லை. "அப்ப என் பயணம்?" என்றான். வாசலில் நின்ற அவனுடைய மோட்டார் சைக்கிளைப் பற்றி அப்போதுதான் பேசினேன். வெளிநாடு போனால் இரண்டு வருடத்துக்கு அது யாருக்கு ஓடப்போகிறது என்று கேட்டேன். அவன் எழும்பி வெளியே போய்விட்டான். அந்தக் கேள்வியை ஜனவரியிலேயே கேட்டிருந்தால் இவ்வளவு கசந்திருக்காதோ என்று இப்போதும் நினைக்கிறேன்.

பத்து நாள் கழித்து மோட்டார் சைக்கிளை அவனே விற்றான். மிகுதிக்கு என் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தேன், ஆறு மாதத்தில் மீட்பதாக அவன் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறான். அம்மாவுக்கு முன்னால் அந்தக் கடதாசியை எழுதவைத்தது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அம்மாதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

கலம் மாற்றக் கடன் எடுத்தேன். ஹட்டன் தம்பி ஒரு வாரத்தில் செய்து தந்தார். பழைய கலங்களைக் குப்பையில் போடாமல் அவரே வைத்துக்கொண்டார். பில்லில் என் பெயரை முழுதாக எழுதச் சொன்னேன். மறுநாள் மேற்பிரிவு வரை ஏறி, பொகவந்தலாவைப் பாதையால் சுற்றி வீடு திரும்பினேன். 31 கிலோமீற்றர், திரையில் இன்னும் ஒரு கோடு மிச்சம். தம்பி வாசலில் தன் பயணப் பெட்டிக்குப் பூட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். சைக்கிளை ஒருதரம் பார்த்தான். "செயினுக்கு எண்ண போடல நீ" என்றான். உள்ளே போய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்தான்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 2027 செப்டெம்பர் என்று எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு மறுபடி எட்டு வாரம் கணக்கு எழுத வேண்டும். வாரத்தில் இரண்டு நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால், பெட்டரி பாதி வயதில் இருக்கும்போதே கொடுத்துவிடுவேன். விடுதிக்காரரின் தொலைபேசி இலக்கமும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.